காதில் நின்ற விளையாட்டுகளும் காதால் படித்த நூல்களும்

செங்கோட்டையில் திங்கட்கிழமை விடியற்காலையில் பேருந்து ஏறிக் கேரளத்திலுள்ள புனலூருக்குப் போவதும், சனிக்கிழமை மாலையில் அதே வழியே வீடு திரும்புவதுமாகப் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. புனலூரில் ஒரு மலைச்சரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், புளியரை எஸ் வளைவில் தொடங்கி ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று மலை இறங்கி முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அந்த வளைவுகளில் புத்தகத்தை விரித்தால் நாலாவது பக்கத்திலேயே குமட்டத் தொடங்கும். கைப்பேசித் திரையை உற்றுப் பார்த்தாலும் அதே கதிதான். ஆகவே எனக்குப் படிப்பு என்பது பெரும்பாலும் காது வழியாகவே நடந்திருக்கிறது. வீடியோ கேம் ஆடுவது ஞாயிற்றுக்கிழமைக்கும், புனலூர் அறையில் மழை விடாமல் பெய்யும் இரவுகளுக்கும் உரியதாக இருந்துவருகிறது.

இவ்விரண்டையும் ஒரே மதிப்புரையில் சேர்ப்பது பொருந்துமா என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இரண்டுக்குமே பெயர் கேசட்தான். டேப் ரெக்கார்டரில் போடும் கதைவசன கேசட்டும், சித்தப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டிவி கேமில் செருகும் மஞ்சள் நிறக் கேசட்டும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. இன்று நினைத்துப் பார்க்கும்போது, நான் ஆடிய விளையாட்டுகளின் காட்சிகள் பலவும் மங்கிவிட்டன; ஓசைகள் மட்டும் மங்கவில்லை. அதனால் விளையாட்டோ நூலோ, எதையும் இங்கே காதை வைத்தே எடைபோடப் போகிறேன். கண்ணால் எடைபோடுபவர்கள் வேறு முடிவுக்கு வரக்கூடும்.

ஒலிநூல் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டில் அது கதைவசனம் என்ற பெயரில் டீக்கடைதோறும் ஒலித்துக்கொண்டிருந்தது. 1965இல் வெளிவந்த திருவிளையாடல் படத்தை நான் முதலில் கேட்டேன், பல ஆண்டுகள் கழித்தே பார்த்தேன். தருமி என்பவன் எனக்கு வெறும் குரலாகவே அறிமுகமானான்; அவன் எப்படி இருப்பான், மண்டபத்தின் எந்தத் தூணருகே நிற்பான் என்பதையெல்லாம் நானே அமைத்துக்கொண்டிருந்தேன். பின்னர் திரையில் அவனைக் கண்டபோது, நான் கட்டிவைத்திருந்த மண்டபம் இடிந்துபோன வருத்தம்தான் மிஞ்சியது. வானொலியில் ஞாயிறுதோறும் ஒலிபரப்பான ஒலிச்சித்திரமும் இப்படித்தான். ஒரு முழுப் படத்தை ஒரு மணி நேரத்துக்கு வெட்டி, உரையாடலையும் பாட்டையும் மட்டும் விட்டுவைப்பார்கள். சண்டை வரும் இடங்களில் தடதடவென்று ஏதோ கேட்கும், யார் யாரை அடிக்கிறார்கள் என்பது நம் விருப்பம். இந்தப் பழக்கத்தோடு வளர்ந்த காது பின்னாளில் எந்த ஒலிநூலையும் எளிதில் ஏற்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டிவி கேமில் எனக்குப் பிடித்தது வாத்து சுடும் விளையாட்டு. நின்டெண்டோ நிறுவனம் 1984இல் வெளியிட்ட டக் ஹன்ட் அது. எங்களிடம் இருந்தது அதன் பெயர் தெரியாத நகல். வெளிர் சாம்பல் நிறத் துப்பாக்கி ஒன்று வயரோடு வரும். அதன் குழலிலிருந்து ஏதோ கதிர் பாய்ந்து திரையைத் தொடுகிறது என்றே நாங்கள் நம்பியிருந்தோம். உண்மை நேர் எதிரானது என்பதைப் பின்னர் ஒரு மெக்கானிக் சொல்லித் தெரிந்துகொண்டேன். துப்பாக்கி எதையும் அனுப்புவதில்லை, பார்க்கத்தான் செய்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுவதும் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழுந்தது என்று கணக்கு. டியூப்லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்த்த என் தம்பி ஒருமுறைகூட வெல்லாததற்குக் காரணம் அந்த ஒரு கண இருட்டுதான். வீட்டில் தட்டைத் திரைத் தொலைக்காட்சி வந்த அன்றோடு அந்தத் துப்பாக்கி செத்துப்போனது. பழைய பெட்டி படத்தை உடனுக்குடன் வரைந்ததைப் போல் புதிய திரை வரைவதில்லை. அந்தத் தாமதத்துக்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு காதில் நிற்பது குண்டு தவறியதும் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிக்கும் நாயின் சிரிப்பு. அந்த நாயைச் சுட முடியாது என்பது இந்த விளையாட்டின் ஒரே அநியாயம். அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பள்ளிக் கணினி அறையில் கிடைத்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை இன்றும் மிகச் சிறந்த விளையாட்டுகளில் ஒன்றாகவே கருதுகிறேன். ஜோர்டான் மெக்னர் என்பவர் 1989இல் உருவாக்கியது. தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அந்த அசைவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்திருக்கிறார். அதனால்தான் அந்தக் குட்டி மனிதன் விளிம்பைப் பற்றித் தொங்கும்போது நம் தோள் வலிக்கிறது. அறுபது நிமிடங்களுக்குள் பன்னிரண்டு நிலைகளையும் கடந்து இளவரசியை மீட்க வேண்டும். எங்கள் கணினி வகுப்பு நாற்பது நிமிடம். ஆகவே பள்ளியில் ஒருவரும் அவளை மீட்டதில்லை. எங்கள் கணினிகளில் ஒலி அட்டை கிடையாது. உள்ளே இருக்கும் சிறு ஸ்பீக்கரின் கீச்சொலி மட்டும்தான். ஆனால் அந்தக் கீச்சொலிக்குள்ளேயே காலடிக்கு ஓர் ஓசை, ஆடும் கல்லுக்கு ஓர் ஓசை, கதவு இறங்குவதற்கு ஓர் ஓசை என்று பிரித்து வைத்திருந்தார்கள். கல் ஆடும் ஓசை கேட்டால் நிற்கக் கூடாது, ஓட வேண்டும் என்று கை பழகிவிட்டது. கல்லூரிக் காலத்தில் முதன்முறையாகக் கடைசி நிலைக்கு வந்தேன். அங்கே நம் நிழலே வாளோடு எதிரே நிற்கும். அதை வெட்டினால் நமக்கும் வலிக்கும், நாமும் சாவோம். வாளை உறையில் போட்டுவிட்டு நேராக அதை நோக்கி நடக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. அதற்குப் பின் வந்த எத்தனையோ விளையாட்டுகள் பல கோடி செலவில் செய்யப்பட்டவை. இந்த ஒரு நடைக்கு ஈடாக அவற்றில் நான் எதையும் காணவில்லை.

கல்லூரிக் காலம் என்றால் தென்காசியில் பிரவுசிங் சென்டர்களின் காலம். அங்கே எல்லாரும் ஆடியது 2002இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு கணினிக்கு வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி. 1986ஆம் ஆண்டின் மயாமியைப் போன்ற ஒரு கற்பனை நகரில் காரைத் திருடி, ஆளை அடித்து, காவலரிடமிருந்து ஓடும் விளையாட்டு. நண்பர்கள் பீரங்கி வண்டியை வரவழைக்கும் ரகசியச் சொல்லை அடித்துத் தெருவையே நொறுக்குவார்கள். நான் காரை ஒரு கடற்கரை ஓரமாக நிறுத்திவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருப்பேன். நண்பர்களுக்கு இது பெரிய கேலிக்குரிய விஷயமாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய் கொடுத்து ரேடியோ கேட்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். ஆனால் அந்த விளையாட்டில் ஒன்பது வானொலி நிலையங்கள் இருந்தன, அவற்றுள் இரண்டு பேச்சுக்கு மட்டுமே. அந்த ஆங்கிலத்தில் பாதி அப்போது எனக்குப் புரியவில்லை என்றாலும், அறிவிப்பாளர்கள் அபத்தமாகப் பேசுகிறார்கள் என்பதும், வேண்டுமென்றே அப்படிப் பேசுகிறார்கள் என்பதும் புரிந்தன. ஒலிச்சித்திரத்தின் தூரத்து உறவினர் போலிருந்தது. மற்றபடி அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என் மகனுக்கு அதைத் தரமாட்டேன்.

ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்து, ஊரும் படையும் கட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் இரண்டாம் பாகம்தான் நான் அதிக நாட்கள் ஆடிய விளையாட்டு. 1999இல் வந்தபோது அதில் பதின்மூன்று நாகரிகங்கள் இருந்தன, இந்தியா இல்லை. 2013இல் இந்தியர் என்ற ஒரே பெயரில் எல்லாரையும் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்தில்தான் வங்காளியர், கூர்ஜரர் ஆகியோருடன் திராவிடரும் தனியாகப் பிரிந்து வந்தார்கள். அதை வாங்கி முதன்முதலாக ஆடத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமையை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். குடியானவனைத் தொட்டு மரத்தைக் காட்டியதும் அவன் தமிழில் பதில் சொன்னான். இருபது ஆண்டுகளாகப் பிராங்கியனும் ஜப்பானியனும் அவரவர் மொழியில் முனகிக்கொண்டு மரம் வெட்டுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது சிறிது நேரம் நம்ப முடியாததாக இருந்தது. தேவையே இல்லாமல் அவனை நாலைந்து முறை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து அறையிலிருந்த என் மனைவி, யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, திராவிடருக்குக் கொடுத்திருக்கும் குணங்களில் சிலவற்றைச் சிந்தித்தே அமைத்திருக்கிறார்கள். குதிரைப்படை வலுவில்லை, நைட் என்ற கனத்த குதிரைவீரன் இவர்களுக்கு இல்லவே இல்லை. குதிரைகளைக் கடல் கடந்து வந்த அரபு வணிகரிடம் பெரும் விலைக்கு வாங்கிய நாட்டுக்கு அது பொருத்தம்தான்; பாண்டிய நாட்டுக் குதிரை வணிகத்தைப் பற்றி மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். அதற்கு ஈடாகக் கடற்படையும் காலாட்படையும் வலுவானவை, ஆட்டத்தின் ஒரு காலகட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாறுந்தோறும் இருநூறு மரம் இலவசமாகக் கிடைக்கும். இவர்களின் தனிச்சிறப்பான வீரன் உருமி என்ற வளையும் வாளை வீசுபவன். களரி பார்த்து வளர்ந்த எல்லைக்காரர்களாகிய எங்களுக்கு உருமி என்பது சேர நாட்டுச் சொத்து. அதைத் தமிழ் பேசும் ஒருவன் கையில் கொடுத்ததைப் பற்றிப் புனலூர்க் கடையில் ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நடந்தது. போர்க்கப்பலுக்குத் திரிசடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் திரிசடை என்றால் அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவள்தான். அவள் கப்பலாகி அம்பு மழை பொழிவதை மனம் ஏற்க மறுக்கிறது. ராஜேந்திர சோழன் பெயரில் அமைந்த படையெடுப்புத் தொடர் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நான் அடிக்கடி திரும்பிப் போவது போருக்காக அல்ல. மீன்பிடிப் படகை ஏரியில் விட்டு, வயலைச் சுற்றி வேலி போட்டு, அந்தக் குடியானவர்கள் ஒற்றைச் சொல்லில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்காகத்தான். எதிரி வந்து கதவைத் தட்டும்போது பெரும்பாலும் தோற்றுவிடுவேன்.

வெண்பா என்ற விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதல் படைப்புக்கான பரிசைப் பெற்றது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியும், அங்கே பிறந்த மகன் கவினும்தான் கதைமாந்தர். வெண்பாவின் தாய் எழுதிவைத்த சமையல் ஏடு கிழிந்தும் கறைபடிந்தும் கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைத்து முடிப்பதே ஆட்டம். நேரக் கட்டுப்பாடு இல்லை, மதிப்பெண் இல்லை. தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம், அவ்வளவுதான்.

முதல் சமையல் இட்லி. ஏட்டில் ஒரு பகுதி அழிந்துபோயிருக்க, தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாக் குழிக்கும் ஆவி ஏறும் என்பதே புதிர். நான் இரண்டு முறை தவறவிட்டேன். எனக்குப் பின்னால் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா பொறுக்க மாட்டாமல், “எய்யா, தட்ட மாத்தி அடுக்கணும்லா? குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படி ஏறும்?” என்றார். அதுவரை என் விளையாட்டுகளை மின்சாரச் செலவு என்ற ஒரே கோணத்தில் பார்த்தவர், அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். புட்டு வந்தபோது எங்களுக்குள் சண்டையே வந்தது. குழாயில் முதலில் ஓட்டைச் சில்லைப் போட வேண்டும், பிறகு தேங்காய், பிறகு மாவு என்பது எங்கள் ஊர்ப் பக்கம் குழந்தைக்கும் தெரியும்; மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புட்டுக்குழல் இல்லாத அடுப்படி கிடையாது. நான் அவசரத்தில் சில்லை மறந்து மாவைக் கொட்ட, அம்மா தலையில் அடித்துக்கொண்டார். திரையில் எண்ணெய் காயும் ஓசைக்கும் கடுகு வெடிக்கும் ஓசைக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி வரை பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தவரும் அம்மாதான். கடுகு அடங்கும் வரை கறிவேப்பிலையை எடுக்கவிடவில்லை. ஒவ்வொரு காலகட்டத்தின் திரைப்பாட்டுச் சாயலிலும் புதிதாக மெட்டமைத்த தமிழ்ப் பாட்டுகளை அடுப்படி வானொலியில் ஒலிக்கவிட்டிருப்பது தனிச் சிறப்பு.

குறை என்றால் அளவுதான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது; கவின் வளர்ந்து, தாயின் ஏட்டோடு தானே அடுப்படியில் நிற்கும் பகுதி இன்னும் நீண்டிருக்கலாம். தமிழைக் காதால் அறிந்து, கண்ணால் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை அவன். அந்த இடத்தில் நான் அவனைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. மலையாளத்தில் நானும் அப்படித்தான்.

இதை விளக்க வேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். எல்லைக்கோடு மேற்கே நகர்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் ஊரை அடுத்த பிரானூருக்குப் பார்டர் என்ற பெயர் போகவில்லை. பரோட்டா சாப்பிட வருபவர்கள் எந்த நாட்டுக்கு இது எல்லை என்று கேட்பார்கள். எங்கள் தாத்தாவுக்கு மலையாளம் எழுதவும் வரும். எனக்குப் பேச வரும், கேட்டால் அட்சரம் பிசகாமல் புரியும், ஆனால் எழுத்தைப் பார்த்தால் கடைப் பலகைக்கு மேல் தாண்டாது. பதினான்கு ஆண்டுகள் கேரளத்தில் பிழைத்தும் ஒரு மலையாள நாவலைக்கூடப் படிக்காதவனாக இருந்த என்னை மாற்றியது ஒலிநூல். ஒலிநூலின் பெரிய பயன் நேரம் மிச்சமாவது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு மொழியையே மிச்சப்படுத்திக் கொடுத்தது.

முதலில் தமிழைச் சொல்கிறேன். ஒலிநூல் கேட்கும் தமிழர் யாரும் பொன்னியின் செல்வனைத் தவிர்க்க முடியாது. கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார், ஐந்து பாகங்கள். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவுசெய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். நான் மூன்று வடிவங்கள் கேட்டிருக்கிறேன். பாம்பே கண்ணன் பல கலைஞர்களைக் கொண்டு உருவாக்கிய வடிவம் ஒலிச்சித்திரப் பரம்பரையின் உச்சம். ஆழ்வார்க்கடியான் வீரசைவர்களோடு வாதுக்கு நிற்கும் இடத்தைக் கேட்டால், அந்தத் தடி தரையில் ஊன்றப்படுவதுகூடக் கண்ணில் தெரியும். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்க அதுவே சிறந்தது. ஆனால் மலையேறும் பேருந்தில் பல குரல்களும் பின்னணி இசையும் சேர்ந்தால் எஞ்சினோடு கலந்துவிடும். அங்கே ஒற்றைக் குரல்தான் எடுபடும். வாரப் பத்திரிகைக்காக எழுதப்பட்டதால் ஒவ்வோர் அத்தியாயமும் ஏதோ ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு முடிகிறது. ஆரியங்காவில் தொடங்கிய அத்தியாயம் பதின்மூன்று கண் பாலம் வரும்போது முடியும். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் தொடக்கத்தைச் சாரல் மழையில் நனைந்த ஜன்னலோரம் கேட்டது நல்ல அனுபவம்.

நான் கேட்ட ஒற்றைக் குரல் வடிவத்தின் வாசிப்பாளர் குரல் நல்ல குரல்தான், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் கோயில் அறிவிப்புப் போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அதனால் மூன்றாம் பாகத்திலிருந்து வேகத்தை ஒன்றேகால் மடங்காக்கிக் கேட்டேன். வருணனைகள் அப்போதுதான் நகர்ந்தன. மூன்றாவது வடிவம் கணினியே வாசிப்பது. எழுத்துப் பிழை இல்லை, மூச்சு வாங்குவதும் இல்லை. பூங்குழலி படகில் தனியே பாடும் இடத்தையும் பழுவேட்டரையரின் கோபத்தையும் மின்வாரியக் கட்டண விவரத்தையும் ஒரே தொனியில் சொல்லும். பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன். தமிழ் ஒலிநூல்களில் பொதுவாக எனக்குள்ள மனத்தாங்கல் ழகர ளகரம்தான். மழையை மளை என்று வாசிக்கும் ஒருவரிடம் குறிஞ்சி நிலத்துக் கதையை ஒப்படைக்கக் கூடாது. அதைவிடக் கொடுமை, ஒரு செயலியில் ஆண்டுச் சந்தா தானாகவே புதுப்பிக்கப்பட்டுப் பணம் போனதும், கேட்டபோது விதிமுறையில் இருக்கிறது என்று பதில் வந்ததும். இன்னொன்றில் சந்தா முடிந்த மறுநாள், இறக்கி வைத்திருந்த நூல்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. கோட்டைவாசலுக்கும் தென்மலைக்கும் இடையில் காட்டுக்குள் சிக்னல் கிடையாது. முன்கூட்டியே இறக்கி வைக்காதவன் அந்தத் தூரம் முழுவதும் நடத்துநரின் விசிலைத்தான் கேட்க வேண்டும். அன்று நான் அதைத்தான் கேட்டேன்.

விளையாட்டும் ஒலிநூலும் ஒன்றேயாகிவிடும் ஒரு படைப்பையும் நான் அந்தப் பேருந்திலேயே ஆடிப்பார்த்தேன். பிரான்ஸ் நாட்டு டோவினோ நிறுவனம் 2015இல் வெளியிட்ட எ பிளைண்ட் லெஜண்ட் என்பது அதன் பெயர். திரையில் படமே இல்லை. எட்வர்ட் பிளேக் என்ற பார்வையற்ற வீரன் நாம். மகள் லூயிஸ் முன்னால் நடந்து குரல் கொடுக்க, அந்தக் குரல் எந்தக் காதில் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று கணித்து, திரையில் விரலை இழுத்து நடக்க வேண்டும். இரண்டு காதுக்கும் தனித்தனியே ஒலி எட்டும் சிறு கால வேறுபாட்டைப் பிடித்துத் திசையை உணர்த்துகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம் என்பதால் குமட்டாது, இதைவிடப் பொருத்தமான பயண விளையாட்டு வேறில்லை என்று எண்ணித் தொடங்கினேன். எஸ் வளைவில் பேருந்து வலப்பக்கம் திரும்பிய அதே நேரத்தில் மகள் இடப்பக்கமிருந்து அழைத்தாள். என் உடம்பு ஒரு பக்கம், கதையிலுள்ள உடம்பு மறுபக்கம் என்று சாய்ந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் வாழைக்குலையில் போய் மோதினேன். எதிரே லாரியின் ஹாரன் ஒலித்தபோது அதை எதிரியின் குதிரை என்று நினைத்து விரலை வீசினேன். இரண்டாம் நாள் புனலூர் அறையில் விளக்கை அணைத்துவிட்டு ஆடியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. வாள் உருவப்படும் ஓசை முதுகுக்குப் பின்னால் கேட்டதும் நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். கதை எளியது, ஆங்கிலமும் எளியதே. வீட்டில் ஆட வேண்டியது, பேருந்துக்கு ஆகாது.

இனி பஷீர். பாத்தும்மாவின் ஆடு 1959இல் வந்த சிறு மலையாள நாவல். வைக்கம் முகம்மது பஷீர் தலையோலப்பறம்பில் தம் வீட்டுக்குத் திரும்பி வந்து, தாய், தம்பி தங்கைகள், குழந்தைகள், கோழிகள் ஆகியோரின் கூச்சலுக்கு நடுவே எழுத உட்காருவதுதான் கதை. தங்கையின் ஆடு கண்டதையெல்லாம் தின்கிறது. அவர் எழுதிய நாவல்களையே தின்கிறது. தமிழில் மொழிபெயர்ப்பு இருப்பதால் கதை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டுப் பெண்களின் முஸ்லிம் மலையாளம், ஆளுக்கொரு விதமாகப் பணம் கேட்கும் குழைவு, இவையெல்லாம் அச்சில் எனக்கு எட்டியதில்லை. காதுக்கு வந்ததும் நான் சிரித்த சிரிப்பில் நடத்துநர் இருமுறை திரும்பிப் பார்த்தார். ஆயினும் அந்த ஒலிநூலைப் பற்றி எனக்கு ஒரு குறை இருந்தது. வாசிப்பவர் அவசரப்படுகிறார், பஷீர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பதற்காக விடும் இடைவெளியை இவர் விழுங்கிவிடுகிறார் என்று கடையிலும் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பெண்ணும் போட்டிருந்தேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தென்மலையில் ஏறிய வயதான ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தனியே சிரிப்பதைக் கண்டு என்ன கேட்கிறாய் என்று விசாரித்தார். பஷீர் என்றதும் முகம் மலர்ந்து கையை நீட்டினார். ஒரு காதுக்கருவியைத் துடைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் கேட்டிருப்பார், பிறகு அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “மோனே, இது ஆராணு இங்ஙனெ ஓடிச்சு வாயிக்குன்னது? பஷீரினெ ஓடிக்கான் பாடில்லா” என்றார்; பஷீரை இப்படி ஓட்டி வாசிக்கக் கூடாதாம். நானும் அதைத்தான் சொல்கிறேன் என்று பெருமையோடு கைப்பேசியை எடுத்து, வாசிப்பாளரின் பெயரைக் காட்டுவதற்காகத் திரையைத் திறந்தேன். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் வேகம் 1.25 என்று இருந்தது. பொன்னியின் செல்வனுக்காக வைத்ததைச் செயலி மறக்கவில்லை, நான்தான் மறந்திருந்தேன். ஒன்றுக்கு மாற்றிவிட்டு மறுபடி அவரிடம் நீட்டினேன். ஆரியங்காவு வரை இருவரும் ஆளுக்கொரு காதில் கேட்டோம்; ஆடு புத்தகத்தைத் தின்று முடிப்பதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.